மதகுச் சாவி நம் வீட்டில்தான் இருந்தது

அண்ணா,

இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். கையெழுத்து மட்டும் என்னுடையது, பாப்பாவுடையது. அம்மாவுக்கு இப்போது கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரிவதில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் பொய்தான் வருகிறது என்கிறார். அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் விடமாட்டேன், எதையும் கூட்டமாட்டேன், பிறகு அடித்துவிடு என்று சொன்னாலும் அடிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா சரி என்றார். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிறேன். யாராவது பேசியதைச் சொன்னால் பேசியபடியே எழுதுகிறேன். நானாகச் சொல்ல ஏதாவது இருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். விடிகாலை மணி நாலரை. அம்மா வாசற்படியில் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இனி பேசுவது அம்மா.

தம்பி, ஒன்றாம் தேதி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடப் போகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எழுதிக் கொடுக்காதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் என்பதற்காக. பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படி. படித்த பிறகு என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேச வேண்டாம், ஆனால் வேலையை மட்டும் விட்டுவிடாதே.

அன்றைக்கு நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் காதில் இருக்கிறது. "நாலு வருஷமா ஒரே மிஷின்ல நிக்கிறேம்மா. பதினோரு மாசத்துக்கு ஒருதரம் கம்பெனி அட்டைய வாங்கிக்கிட்டு, மறுநாளு புது ஆளுன்னு சேத்துக்கிறானுவ. நம்ம மண்ணுல நின்னா யாரும்மா என்னைப் புது ஆளும்பாங்க? கல்யாணம் முடிஞ்ச கையோட நாத்தங்கால் போட்டுடுவேன், பாரு" என்றாய். பாரம்பரிய விதை நெல் யாரிடமோ சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வா தம்பி. வயலு எங்க போவப்போவுது, அங்கேயேதானே கெடக்கு" என்றேன். அது பொய்கூட இல்லை. நம் நாலு மா வயல் அங்கேயேதான் கிடக்கிறது. இரண்டு வருஷமாக அதில் ஒன்றும் விளையவில்லை.

இரண்டு பொங்கலுக்கும் உனக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்பிய அரிசி நம் அரிசி இல்லை. காரைக்காலில் கடையில் வாங்கியது. கடைக்காரன் பெயர் போட்ட பையைப் பிரித்து, அப்பா காலத்துச் சாக்கில் கொட்டி, கோணி ஊசியால் நானும் பாப்பாவும் தைத்தோம். சாக்கின் வாயில் கொஞ்சம் வைக்கோல்கூடச் செருகினோம். சாக்கு கிடைத்த அன்று மாலையே நீ போன் செய்து, "ரூம்ல எல்லாரும் சாப்ட்டானுவ. கடையரிசி கணக்கா இல்லடா, மண்ணு வாசன அடிக்குதுங்கறானுவ" என்றாய். போனை வைத்ததும் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

(நானும் ஒன்று செய்தேன் அண்ணா. பெண் வீட்டாருக்குக் காட்ட வேண்டும், வயலைப் படம் எடுத்து அனுப்பு என்று நீ கேட்டபோது நான் அனுப்பிய படம் நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எடுத்தது. வரப்போரம் அம்மாவின் பழைய பச்சைப் புடவை காய்கிறது, பார். அந்தப் புடவை இப்போது வீட்டில் இல்லை. நீ கவனிக்கவில்லை.)

வயல் எப்படிப் போனது என்று சொல்கிறேன். மற்றவர்களைக் கேட்டால் கடல் ஏறிவிட்டது என்பார்கள். மழை தவறிவிட்டது, கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் எட்டவில்லை என்பார்கள். அதெல்லாமும் உண்மைதான். ஆனால் நடுவில் ஒன்று இருக்கிறது, அது எனக்கும் பாப்பாவுக்கும் இறால் குளத்துக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

நம் வடிகால் வாய்க்கால் கடைசியில் முகத்துவாரத்தில் போய் விழுகிற இடத்தில் உள்ள மதகு உனக்குத் தெரியாததல்ல. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஓதம் பெரிதாக ஏறும். ஏறுவதற்கு முன் பலகையை இறக்கிவிட வேண்டும். ஓதம் வடிந்தபின் தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் வயல் தண்ணீர் வெளியே போகும். மதகுக்கு யார் வயல் கிட்டத்தில் இருக்கிறதோ அவர்கள் வீட்டில் சாவி இருக்கும் என்பது ஊரின் ஏற்பாடு. சாவி என்றால் பூட்டுச் சாவியா என்ன, முழங்கை நீள இரும்பு. அதை மதகின் தலையில் மாட்டிச் சுற்றுவதற்கு யாரும் கூலி கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. உன் அப்பா இறக்கும்வரை செய்தார். பலகையைத் தூக்குவதற்கு முன் ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஆறு வயதில் நீயும் அப்படிச் செய்து, குமட்டி, அவர் வேட்டியிலேயே வாந்தி எடுத்தாய். "நாக்குல கரிக்கிறவரைக்கும் காத்திருந்தா வேலைக்காவாதுடா, அதுக்கு முன்னாடியே எறக்கிப்புடணும்" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை அலசினார். அவர் போன பதினாறாம் நாளே அமாவாசை வந்தது. நான்தான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஊரில் எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்கு மறுவருஷம் மதகுக்குப் பக்கத்தில் இருந்த தரிசைப் பிடித்து இறால் குளம் வெட்டினார்கள். குளத்துக்காரர் வெளியூர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலில் நிற்பார். இறாலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். முகத்துவாரத்திலிருந்து குழாய் போடுவது பெரிய வேலை. "அக்கா, கோடையில ஒங்க வயலெல்லாம் தரிசாத்தானே கெடக்கு? ஓதம் ஏறுறப்ப பலகைய கொஞ்சம் தூக்கி வுடுங்க. வாய்க்கால் ரொம்புனதும் எறக்கிடுங்க. நான் எறைச்சுக்கிறேன். ஐப்பசி மழையில அத்தனையும் கழுவிக்கிட்டுப் போயிடாதா?" என்றார். குளத்தில் தீனி போடும் வேலையும் தருகிறேன் என்றார். உனக்கு டிப்ளமோ கடைசி வருஷம். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீ முரண்டு பிடித்துக்கொண்டிருந்த நேரம். நான் ஒரு வாரம் யோசித்தேன். மழை கழுவிவிடும் என்பது எனக்கும் தெரிந்த கணக்குத்தான், வருஷா வருஷம் கண்ணால் பார்த்ததுதான். சரி என்றேன். உன் படிப்புக்காகச் செய்தேன் என்று உன் தலையில் இதைக் கட்டவில்லை தம்பி. நீ கேட்கவில்லை. பலகையைத் தூக்கியது என் கை.

ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வராதது எப்படி என்று நினைப்பாய். யார் எப்போது போய்ப் பார்த்தாலும் பலகை இறங்கித்தான் இருக்கும். கடல் உள்ளே வந்த பிறகு இறக்குவேன். வெளியே விடாமல் உள்ளேயே நிறுத்தி வைப்பேன், அப்போதுதானே அவர் இறைக்க முடியும். கோடை முழுவதும் கடல் நம் வாய்க்காலுக்குள் நின்றது. எதற்காகக் கட்டிய பலகையோ அதைக் கொண்டே நான் கடலை ஊருக்குள் பிடித்து வைத்தேன். மேலே பார்த்தால் அசையாத தண்ணீர், நாரைகூட நின்றது. அடியில் அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வருஷம் மழை கழுவியது. இரண்டாம் வருஷமும் ஒருமாதிரி கழுவியது, நெல் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வருஷம் மழை முழுவதும் இரண்டே நாளில் கொட்டிவிட்டு, வயலில் நிற்காமல் ஓடிவிட்டது. அதன் பிறகு ஒரு தூறல் இல்லை. விதைத்தது முளைத்தது. விரல் உயரம் வந்ததும் நுனி கருகியது. முதலில் நம் வயல், பிறகு நமக்கு மேலே கோவிந்தன் சித்தப்பா வயல். அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை என்றாலும் உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், உனக்கே தெரியும். அவர் கொல்லை அடிபம்பில்தான் தெருவே குடிதண்ணீர் பிடிக்கும். ஒருநாள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணி, இனிமே உப்புக்குக் கடைக்கி ஓட வேணாம். கொழம்பு கொதிக்கிறப்ப ஒரு சொம்பு மொண்டு ஊத்துங்க, தீந்துது சோலி" என்றார். குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என் முகத்தில் எப்படி வரவழைத்தேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

(அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பள்ளிக்கு எடுத்துப்போனேன். வேதியியல் டீச்சர் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சினார். தண்ணீர் எல்லாம் போன பிறகு கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "இதையா குடிக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டார். முன்பு குடித்தோம், இப்போது கேன் தண்ணீர் என்றேன். எப்படி இப்படி ஆனது என்று கேட்டபோது, தெரியவில்லை டீச்சர் என்றேன். எனக்குத் தெரியும். ஒரு பௌர்ணமியில் அம்மாவோடு நானும் மதகுக்குப் போயிருந்தேன்.)

ஊரார் மனு எழுதிப் போட்டு, விவசாய ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மண்ணைப் பையில் அள்ளினார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் எல்லாரும் கூடியிருந்தோம். "மதகுப் பலகைய ஒழுங்கா எறக்குறீங்களா? யாருகிட்ட சாவி?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முன்னால் வந்தார். "எங்க அண்ணிகிட்ட சார். ஒரு அமாவாசை, ஒரு பௌர்ணமி தப்புனதில்ல. அண்ணன் செத்த பதினாறாம் நாளே சாவியத் தூக்கிக்கிட்டுப் போனவங்க. அதுல ஒண்ணும் நீங்க கொறை சொல்ல முடியாது" என்றார். அவர் சத்தமாகச் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஆபீசர் எழுதிக்கொண்டார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் பலகையைத் தூக்குவதாவது அத்தோடு நின்றிருக்கும். சொல்லாமல் வந்தேன், அடுத்த அமாவாசைக்கும் தூக்கினேன். ஏனென்றால் வயல் போன பிறகு அந்தத் தீனி வேலை ஒன்றுதான் நமக்கு இருந்தது. இது உனக்குப் புரிய வேண்டும். தப்பு செய்து வயலை இழந்தேன், வயலை இழந்ததால் அந்தத் தப்பை விட முடியவில்லை.

ஜிப்சம் போடச் சொன்னார்கள், போட்டோம். அதைக் கரைத்து உப்பை வடிக்க நல்ல தண்ணீர் நிறையத் தேக்கிவைக்க வேண்டுமாம். நல்ல தண்ணீர் இருந்தால் நாங்கள் ஏன் இவர்களைக் கூப்பிடப் போகிறோம்? எத்தனை மழைக்குப் பிறகு இது வயலாகும் என்று நான் கேட்டேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பிறகு இருவரும் வண்டியைப் பார்த்தார்கள். தெருவில் இப்போது பகலில் ஆண்பிள்ளைகள் இல்லை. சிலர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரியோடு போகிறார்கள், சிலர் உன்னைப்போலத் தூரதேசம். சித்தப்பா காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். நாற்பது வருஷம் நெல் போட்ட மனிதர், பந்தி முடிந்ததும் யாராவது இலை போட்டுக் கூப்பிடுகிறார்களா என்று பார்த்து நிற்கிறார். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "அண்ணி, ஒங்க மவன் கல்யாணம் நம்ம மண்டபத்துல வச்சா வாடகையக் கொறைக்கச் சொல்லுறேன். நான்தான் அங்க பெரிய ஆளு" என்று மார்பில் தட்டிச் சிரித்தார். அவர் சட்டையில் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் வீட்டில் நாலு மா நஞ்சை என்று சொல்லியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் அப்பா, "வயலு இருக்குற வூட்டுல பொண்ணு பட்டினி கெடக்காது" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். நீ அவளிடம் சொல்லிவிடு. அவள் அப்பாவிடம் சொல்வது அவள் இஷ்டம், ஆனால் அவளிடம் நீ சொல், தாலி கட்டுவதற்கு முன் சொல். கல்யாணம் நின்றுபோனாலும் சரி. உப்பைச் சாக்கில் மூடித் தைத்து ஒரு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று உன் அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொள். என்னைத் திட்டித்தான் சொல்ல வேண்டும் என்றால் திட்டியே சொல். பிறகு ஒன்று. உன் கம்பெனியில் உன்னைப் புது ஆள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்களே, அதற்காக ஒருநாள் நாலு பேர் சேர்ந்து கேட்க எழுந்தால் நீ உட்கார்ந்திராதே. என்னைப்போலத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்காதே. அந்த நேரம் போய்விட்டால் பிறகு எவ்வளவு அழுதாலும் அது திரும்ப வராது.

எனக்கு என்ன யோசனை சொல்வதென்று தெரியவில்லை தம்பி. நல்லது சொல்லி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பாப்பா படித்து முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். அதன் பிறகு அதுவும் எங்காவது போய்விடும், போக வேண்டும். நீ நின்றுகொண்டே இருக்கும் அந்த மிஷின் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று எனக்குத் தெரியாதா? உன் காதுக்கு இப்போது இரண்டு தடவை சொன்னால்தான் கேட்கிறது. இருந்தும் அங்கேயே நில் என்று சொல்கிறேன். பெற்ற பிள்ளையை வராதே என்று சொல்ல வைத்துவிட்டது இந்த மண். இல்லை, அப்படி எழுதாதே பாப்பா. மண் என்ன செய்தது. நான்.

வந்துவிடு தம்பி. உப்பானால் என்ன, வந்துவிடு.

(இந்த வரியை அடித்துவிடு என்றார் அம்மா. "அடிச்சிடு பாப்பா, அவன் அத மட்டும் படிச்சிட்டுக் கெளம்பிடுவான்" என்றார். அடிக்கமாட்டேன் என்று முதலிலேயே சொன்னேனே அம்மா என்றேன். "அப்ப, வரக் கூடாதுன்னும் கீழ எழுது" என்றார். வரக் கூடாது. எழுதிவிட்டேன். இரண்டும் அம்மா சொன்னதுதான். எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.)

இன்றைக்கு அமாவாசை. எட்டு மணிக்குமேல் ஓதம் ஏறும். ஆறு மணிக்கு முதல் தீனி போட வேண்டும், பிறகு போய்ப் பலகையைத் தூக்க வேண்டும், வழக்கம் அதுதான். இன்று தீனி போடப் போகவில்லை. நேராக மதகுக்குப் போகிறேன். வாய்க்காலில் நிற்பதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, கடல் ஏறுவதற்கு முன் இறக்கிவிடுவேன். குளத்துக்காரர் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். அங்கிருந்து காரைக்காலுக்குப் பஸ் ஏறி, சித்தப்பா மண்டபத்தில் டூட்டி முடித்துவிட்டு வரும்போது வாசலில் நிற்பேன். சாவியை அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்வேன். அவர் அதாலேயே அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். இதனால் வயல் திரும்பிவிடும் என்று நினைக்காதே. திரும்பாது. நீ வருகிற அளவுக்குத் திரும்பாது. அதனால்தான் மறுபடி சொல்கிறேன், ஒன்றாம் தேதி எழுதிக் கொடுக்காதே. அம்மா சொல்வதை இந்த ஒருதரம் கேள். இந்த ஒருதரம்தான் உண்மை சொல்கிறேன்.

(அண்ணா, அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சோறு வடித்து வைத்திருக்கிறேன் என்றதற்கு, வந்து சாப்பிடுகிறேன் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பக்கங்களை இப்போதே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, தாளைத் தபாலிலும் போடுவேன், அப்போது நான் மனம் மாற முடியாது.

இதோடு இன்னொரு படமும் வரும். போன தடவை அனுப்பிய படத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள். குளத்துக்கரை டியூப் லைட்டுகள் இரவு முழுவதும் எரிவதால் வாசலிலிருந்து பார்த்தால் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் வயல் இருட்டாகவே இருக்கும். வெளுக்கட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். வாய்க்கால் கரையில் அம்மா நடந்து போவது சிறியதாகத் தெரிந்தது. நாலு மாவும் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது, பனி என்று நினைப்பாய், பனி இல்லை. படத்தை எடுத்துவிட்டேன். அதே நேரம் குளத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.)